தாய்ப்பால் பம்பும் ஒரு சிறு வால்வும்



பேச்சிப்பாறை என்றவுடன் உங்களில் பலருக்கு அங்குள்ள அணைக்கட்டுத்தான் நினைவுக்கு வரும். 1897-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பெற்ற அந்த அணையைப் பற்றியும், அதன் அருகிலேயே கல்லறையில் துயிலும் பொறியாளர் மிஞ்சினைப் பற்றியும் பேச அறிஞர் பலர் இருக்கின்றனர். அணைக்குக் கீழே குடியிருக்கும் நான், பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு பம்பைப் பற்றி. தாய்மார்கள் தம் மார்பிலிருந்து பாலை எடுத்து வைப்பதற்குப் பயன்படுத்தும் மின்பம்பு அது. அது பழுதுபட்டால் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதே என் பேச்சின் பொருள்.

இதை வானொலியில், அதுவும் கல்லூரி மாணவர்கள் கேட்கும் நேரத்தில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பசுவின் மடியைப் பற்றிப் பேசும்போது நமக்கு வராத நாணம், நம்மைப் பெற்றவளின் மார்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் வரவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. உங்கள் அக்காமார்களுக்கும் அண்ணிமார்களுக்கும் குழந்தை பிறக்கும். வீட்டில் இயந்திரம் ஒன்று ஓடாமல் நின்றால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான் இது.

இந்தப் பம்பு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தை தாயின் மார்பில் நேராகப் பால் குடிப்பதே சிறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காக இணைத்துச் செய்யும் திறன் ஏறக்குறைய 34-ஆம் வாரத்தில்தான் கைகூடுகிறது. அதற்கு முன்னே பிறந்துவிட்டால் பாலை எடுத்துத்தான் ஊட்டவேண்டும். தாய் வேலைக்குப் போகிறவளாக இருந்தாலும் அப்படியே. இக்கருவியின் வரலாறும் சுவையானது. 1854-லேயே அமெரிக்காவில் நீதாம் என்பவர் கையால் இயக்கும் பம்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1920-களில் மின்சாரத்தால் இயங்கும் பம்பை வடிவமைத்தவர் எட்வர்ட் லாஸ்கர் என்ற பொறியாளர். சதுரங்கம் ஆடும் மாணவர்களுக்கு இப்பெயர் பழக்கமானதாக இருக்கும். ஆம், சதுரங்க வல்லுநர் லாஸ்கர்தான். ஆனால் உலக வீரராயிருந்த இமானுவேல் லாஸ்கர் அல்லர், இவர் வேறு. பின்னர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஐனார் எக்னெல், மார்பில் எவ்வளவு வலிவாக உறிஞ்சினால் தீங்கு நேராது என்பதை ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டார். வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க சிறு மின்பம்புகள் பரவியது 1990-களில்தான்.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

என் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குழந்தை 34-ஆம் வாரத்தில் பிறந்துவிட்டது. எடை இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மருத்துவமனையில் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் பேச்சிப்பாறைக்கு வந்து சேர்ந்தோம். குழந்தை மார்பில் வாய் வைக்கும். ஐந்து நிமிடத்தில் களைத்து உறங்கிவிடும். ஆகவே மூன்று மணிக்கு ஒருமுறை பம்பினால் பாலை எடுத்துப் பாலாடையில் ஊட்டினோம். பாலாடையை அறியாதவர்கள் உங்களில் இருக்கலாம். மூக்கு வைத்த சிறு கிண்ணம் அது. சில ஊர்களில் சங்கு என்பார்கள். நம் பாட்டிமார்களின் பெட்டியிலிருந்து வந்த இந்தப் பாத்திரத்தைத்தான், எடை குறைந்த குழந்தைகளுக்குப் பால் ஊட்டப் புட்டியைவிட நல்லதென்று இன்று மருத்துவமனைகளிலும் பயன்படுத்துகிறார்கள். புட்டியின் ரப்பர் காம்பைக் கழுவுவது கடினம். பாலாடையைக் கழுவுவது எளிது.

ஒரு வேளைக்கு அறுபது மில்லிலிட்டர் வரை வந்துகொண்டிருந்த பால், ஐப்பசி மழை கொட்டிய ஒரு வாரத்தில் நாற்பதாயிற்று, மறுநாள் இருபத்தைந்தாயிற்று. மகள் பம்பின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். கடைசி எண்வரை திருப்பினாள். வலிதான் மிஞ்சியது. பார்க்க வந்த உறவுப் பெண்மணி ஒருவர், "பாலு வத்திப்போச்சு மக்களே, இனி டின் பாலைக் குடு" என்று பரிவோடுதான் சொன்னார். அன்றிரவு என் மகள் அழுததை நான் மறக்கமாட்டேன். தன் உடம்பே தன்னைக் கைவிட்டுவிட்டது என்று அவள் நம்பிவிட்டாள்.

நாஞ்சில் நாட்டில் எந்த உழவரையும் கேட்டுப் பாருங்கள். கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? கிணறு வற்றிவிட்டது என்று உடனே தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவாரா? மாட்டார். முதலில் ஃபுட்வால்வைப் பார்ப்பார். பிறகு குழாயில் காற்று புகுகிறதா என்று பார்ப்பார். அடிபம்பாக இருந்தால் வாஷரைக் கழற்றிப் பார்ப்பார். கிணற்றுக்குக் காட்டும் இந்த நியாயத்தைத் தாய்க்கு நாம் காட்டுவதில்லை. முப்பது ஆண்டு இயற்பியல் கற்பித்த நானும் இரண்டு நாள் அந்த நியாயத்தைக் காட்டவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வெந்தயமும் பூண்டும் சமைத்துக்கொண்டிருந்தேன்.

பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பொறி வேலை செய்யும் முறை தெரியவேண்டும். பெட்டிக்குள்ளே ஒரு மோட்டாரும், அது ஆட்டும் ஒரு சவ்வும் இருக்கின்றன. சவ்வு பின்னுக்குப் போகும்போது குழாயிலுள்ள காற்று இழுக்கப்படுகிறது. முன்னுக்கு வரும்போது காற்று திரும்பிவிடுகிறது. குழாயின் மறுமுனையில் மார்பின்மீது பொருந்தும் புனல் ஒன்று உண்டு. புனலுக்கு அடியில் பால் சேரும் பாத்திரம். இரண்டுக்கும் இடையே வாத்தின் அலகைப் போல இரண்டு இதழ்கள் ஒட்டிய ஒரு சிறு சிலிக்கோன் வால்வு. காற்று இழுக்கப்படும்போது இதழ்கள் ஒட்டிக்கொள்கின்றன. புனலுக்குள் அழுத்தம் குறைகிறது. இழுப்புத் தளர்ந்தவுடன் இதழ்கள் விரிந்து, சேர்ந்த பால் பாத்திரத்தில் சொட்டுகிறது. நிமிடத்திற்குப் பலமுறை இந்தத் திறப்பும் அடைப்பும் நிகழ்கின்றன.

இங்கே மாணவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசத்திற்குச் சமம் என்று படித்திருக்கிறீர்கள். இந்தப் பம்புகள் அதில் சுமார் 250 மில்லிமீட்டர் அளவு குறைப்பதே பெரும்பாலும் உச்சம். எக்னெல் பாதுகாப்பான எல்லையாகக் கொண்டதோ 200-ஐ ஒட்டிய அளவுதான். ஆகவே கருவியில் வலிமை மிகுதியாக இல்லை, இருக்கவும் கூடாது. அந்தச் சிறு வேறுபாட்டையும் ஒரு மயிரிழை ஓட்டை வழியாகக் காற்று நிரப்பிவிட்டால் என்ன மிஞ்சும்?

இன்னுமொன்று. பம்பு பாலை வெளியே பிடித்து இழுக்கிறது என்று எண்ணுகிறோம். முழு உண்மை அதுவன்று. எங்கள் ஊரைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள். தொழிலாளர் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போவார்கள். ஏன் விடியுமுன்? வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கினால் மரத்தின் பால்குழல்களுக்குள் இருக்கும் அழுத்தம் தணிந்துவிடும். பால் குறைவாக வடியும். வெட்டுபவர் பட்டையைக் கீறி வழி திறந்துவிடுகிறார், அவ்வளவே. பாலை வெளியே தள்ளுவது மரத்தின் உள்ளழுத்தம். தாயின் மார்பிலும் ஏறத்தாழ அப்படித்தான். குழந்தையின் அழுகையைக் கேட்டோ, அதன் உடம்பைத் தொட்டோ, காம்பு தூண்டப்பெற்றோ தாயின் மூளையடியிலிருந்து ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. அது பால் சுரப்பிகளைச் சூழ்ந்த நுண்தசைகளைச் சுருங்கச் செய்கிறது. பால் உள்ளிருந்து தள்ளப்பட்டு வருகிறது. பம்பு அதற்கு வழி திறந்து, வந்ததை வாங்கிக்கொள்கிறது. வலியும் அச்சமும் அவமானமும் இந்தச் சுரப்பைத் தடுக்கும். ஆகையால் பால் வரவில்லை என்று விசையை உச்சத்துக்குத் திருப்புவது, வாய்க்காலை அடைத்துக்கொண்டு மதகைத் திறப்பது போன்றது. என் மகள் செய்தது அதுதான்.

அன்றிரவு மணி இரண்டு. மழை நின்றிருந்தது; மின்சாரம் இல்லை. பம்பு மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதன் ஒலியைக் கேட்டேன். நன்றாயிருந்த நாட்களில் அது இழுக்கும்போது முக்கி, விடும்போது பெருமூச்சு விடும். அன்று முக்கலே இல்லை. சுமையின்றிச் சுற்றும் மோட்டாரின் இலேசான ஓசைதான் இருந்தது. இத்தனை நாள் இது எனக்குக் கேட்கவில்லையே என்று இருந்தது.

அணையில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு வரவில்லையென்றால், மதகிலிருந்து தொடங்கிக் கால்வாய் வழியே நடந்துகொண்டே வரவேண்டும். எந்த இடம்வரை தண்ணீர் இருக்கிறதோ அதற்கு அடுத்ததில்தான் உடைப்பு. அதையே செய்தேன். முதலில் குழாயைக் கழற்றிவிட்டு, மோட்டார்ப் பெட்டியின் காற்று வாயைக் கட்டைவிரலால் மூடினேன். விரலைப் பிடித்து இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. ஆகவே மோட்டார் பழுதில்லை. பிறகு குழாயை மாட்டி அதன் மறுமுனையை விரலால் மூடினேன். அங்கும் இழுத்தது. குழாயிலும் விரிசல் இல்லை. பிறகு பாத்திரத்தையும் புனலையும் பூட்டி, புனலின் வாயை உள்ளங்கையில் அழுத்தினேன். ஏதோ தொட்டதுபோல் இருந்ததே தவிரப் பிடிப்பு இல்லை. உடைப்பு அங்கேதான்.

வால்வைக் கழற்றி டார்ச்சு விளக்கின்முன் பிடித்தேன். ஒட்டியிருக்க வேண்டிய இதழ்களின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கிழிசல். அதன் வழியாகப் பாத்திரத்திலுள்ள காற்று, இழுக்கும்போதெல்லாம் மேலே ஏறியிருக்கிறது. கிழித்தது யார் என்று விசாரிக்க நெடுநேரம் ஆகவில்லை. பால் படிந்திருக்கிறதே என்று மூன்று நாள் முன்னே இதழ்களுக்கிடையே மெல்லிய கம்பித் தூரிகையை விட்டுத் தேய்த்தவள் நான்தான். தூய்மையில் எனக்குள்ள பிடிவாதம் பேர்த்தியின் பாலைப் பாதியாக்கியிருந்தது.

பம்போடு வந்த உறையில் மாற்று வால்வு ஒன்று பிரிக்கப்படாமலே கிடந்தது. அதைப் பூட்டினோம். முதல் வேளையிலேயே அறுபது வந்துவிடவில்லை, உண்மையைச் சொல்லவேண்டுமல்லவா? அன்று முப்பத்தைந்து. நான்காம் நாள்தான் பழைய அளவு திரும்பியது. ஏன் நான்கு நாள் ஆயிற்று என்பதே இதில் மிக முக்கியமான செய்தி. மார்பில் பால் எடுக்கப்படாமல் தேங்கினால், உடம்பு அதைத் தேவை குறைந்ததன் அடையாளமாகக் கொண்டு உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. எடுக்க எடுக்கச் சுரக்கும். தேங்கத் தேங்கக் குறையும். ஆகவே ஒரு கிழிந்த வால்வை ஒரு வாரம் கவனியாமல் விட்டால், 'பால் வற்றிவிட்டது' என்று அறியாமல் சொன்ன பொய், தானே மெய்யாகிவிடும். முன்பிறந்த குழந்தைக்கோ தாய்ப்பால் உணவு மட்டுமன்று. அத்தகைய குழந்தைகளின் குடலைத் தாக்கி அழிக்கும் கொடிய நோய் ஒன்றின் வாய்ப்பையும் அது குறைக்கிறது. எங்கள் வீட்டில் சில ரூபாய் பெறும் ஒரு சிறு சிலிக்கோன் துண்டின்மீது இத்தனையும் தொங்கிக்கொண்டிருந்தது.

வால்வைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம், இழுப்புக் குறையும்போது முதலில் பார்க்கவேண்டியது அதுவே என்பதுதான். இதழ்கள் எப்போதும் ஒட்டியிருக்கவேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது ஓய்வு பெறவேண்டிய வால்வு. நாள்தோறும் பலமுறை பயன்படுத்துவோர் சில மாதங்களுக்கு ஒருமுறை கிழிசல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவது நல்லது, சிலிக்கோனும் தளர்ந்துபோகும். கழுவும்போது விரல் நுனியும் சோப்பு நீரும் போதும். ஊசியும் கம்பியும் வேண்டா.

அடுத்ததாகப் பால் குழாய்க்குள் ஏறாமல் தடுக்கும் ஒரு மெல்லிய சவ்வு பல பம்புகளில் உண்டு. அது ஈரத்தோடு ஒட்டிக்கொண்டாலோ, மடிந்து உட்கார்ந்தாலோ, அதன் மூடி சரியாக அழுந்தாவிட்டாலோ இழுப்பு நின்றுவிடும். கழற்றி, நன்றாக உலரவைத்து, மறுபடி பொருத்தினால் போதும். பலர் பழுது என்று கடைக்கு எடுத்துச் செல்லும் பம்புகளில் இப்படிச் சரியாகப் பூட்டாதவையும் உண்டு.

குழாயில் நீர்த்துளிகள் கோத்துக்கொள்வது எங்கள் ஊரில் தினப்படி நிகழ்ச்சி. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், காற்றிலேயே ஈரம். பால் எடுத்து முடிந்ததும் புனலைக் கழற்றிவிட்டு, குழாயை மட்டும் பெட்டியில் மாட்டி இரண்டு மூன்று நிமிடம் வெறுமே ஓடவிட்டால் குழாய் உலர்ந்துவிடும். துளிகள் வெறும் நீராக இல்லாமல் பாலாக இருந்தால் குழாயைக் கழுவித் தொங்கவிட்டு முழுதும் உலர்த்தவேண்டும். உள்ளே கரும்புள்ளி கண்டால் அது பூஞ்சணம். கழுவ முயலாமல் குழாயை எறிந்துவிட வேண்டும்.

மின்கலம் இறங்கும்போது பம்பு நின்றுவிடுவதில்லை, சோர்ந்து ஓடும். அதனால்தான் ஏமாற்றிவிடுகிறது. ஐயம் வந்தால் மின்னேற்றம் செய்துவிட்டோ, நேரே மின்சாரத்தில் மாட்டியோ ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பம்போடு வந்த அடாப்டரையே பயன்படுத்தவேண்டும். கைப்பேசிக்குரியது பொருந்துகிறதே என்று மாட்டக்கூடாது. இடி மின்னல் வேளையில் சுவரோடு இணைத்து மார்பில் வைத்துக்கொள்ள வேண்டா. மின்கலமோ கையோ போதும்.

கையால் எடுப்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் மணிக்கணக்கில் இல்லாத ஊர்களில் ஒவ்வொரு தாயும் இதைக் கற்றிருக்கவேண்டும். கட்டைவிரலைக் காம்புக்குச் சற்று மேலும் மற்ற விரல்களைக் கீழுமாக வைத்து, முதலில் மார்புக்கூட்டை நோக்கிப் பின்னுக்கு அழுத்தி, பிறகு விரல்களை மெல்லச் சேர்த்து அமுக்கி, விட்டுவிடவேண்டும். காம்பைப் பிடித்து இழுப்பது தவறு. விரல்களை வட்டமாக இடம் மாற்றிக்கொண்டே போகவேண்டும். இதற்கு வால்வும் இல்லை, மின்கலமும் இல்லை.

இனி புனலின் அளவு. கடையில் பம்போடு வருவது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் புனல். எல்லாருடைய காலுக்கும் ஒரே அளவுச் செருப்பு என்றால் எப்படியிருக்கும்? காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை அளவுகோலால் அளந்து, அதைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலான புனலை வாங்கவேண்டும். காம்பு பக்கங்களில் உராய்ந்து வெளுத்தால் புனல் சிறிது. சுற்றியுள்ள கருவட்டமும் பெரும்பகுதி உள்ளே இழுக்கப்பட்டால் பெரிது. இரண்டிலும் வலி உண்டு. வலி இருந்தால் பால் குறையும். 'பம்பென்றால் வலிக்கத்தான் செய்யும்' என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டா.

பம்பில் பழுதே இல்லை, ஆயினும் பால் குறைகிறது என்றால்? அப்போது மனிதரைப் பார்க்கவேண்டும். எத்தனை வேளை எடுக்கிறாள்? குழந்தை மார்பில் குடிக்காதபோது நாளொன்றுக்கு எட்டு வேளையாவது எடுக்கவேண்டும். அதில் ஒன்று இரவில் இருக்கவேண்டும். பால் உற்பத்திக்குரிய புரோலாக்டின் இரவில் மிகுதி. எடுப்பதற்கு முன்னே குழந்தையை நெஞ்சோடு தோல்படச் சற்று நேரம் அணைத்திருந்தால் வேறுபாடு தெரியும். எங்கள் வீட்டில் இதை நான் கண்ணால் கண்டேன். மார்பில் கட்டியும் செம்மையும் காய்ச்சலும் வந்தாலோ வீட்டில் பொறியை ஆராய்ந்துகொண்டிராமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். இன்னொன்று: குழந்தை நேராகக் குடித்து வளர்கிறபோது, இடையில் பம்பில் முப்பது மில்லிலிட்டர்தான் வந்தது என்று கவலைப்படுவதில் பொருளில்லை. நன்றாகக் குடிக்கும் குழந்தை எடுக்குமளவைப் பம்பு எடுப்பதில்லை. பம்பை வைத்துத் தாயின் பாலை அளப்பது, வாளியை வைத்துப் பேச்சிப்பாறை அணையின் 48 அடி நீரை அளப்பதைப் போன்றதே.

தூய்மையைப் பற்றி நானே தவறு செய்தவள் என்றாலும் சொல்லாமல் விடமுடியாது. 2016-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் முன்பிறந்த குழந்தையொன்று கொடிய கிருமித் தொற்றுக்கு ஆளானது. ஆராய்ந்தபோது, பம்பின் உறுப்புகளைத் தேய்த்துக் கழுவாமல் சோப்பு நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து எடுத்த பழக்கம் வெளிப்பட்டது. ஊறவைக்கும் நீரே கிருமிக்கு வயலாகிவிடுகிறது. பால் பட்ட உறுப்புகளை ஒவ்வொரு முறையும் உடனே, அதற்கென்றே வைத்த தனிப் பாத்திரத்தில் சூடான சோப்பு நீரில் கழுவி, அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் முழுக்க உலரவிடவேண்டும். சிறு குழந்தைகளுக்கு நாளொரு முறை ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுப்பது நலம். வீட்டுப் பம்புகளை ஒருவர் பயன்படுத்தியபின் மற்றவர் பயன்படுத்தக்கூடாது. மோட்டாருக்குள் பாலின் ஈரம் புகுந்திருந்தால் அதைக் கழுவ வழியில்லை. பலர் பயன்படுத்துவதற்கென்றே அமைந்த பம்புகள் மருத்துவமனைகளில் தனியே உண்டு.

இந்தக் கடைசி விதியால் எனக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. என் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது நான்கு மணிக்குத் தோட்டத்துக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு மேல் ரவிக்கை நனைந்து திரும்பி வருவாராம். என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். தோட்டங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் வேண்டுமென்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும், வேலைநேரத்தில் பாலூட்ட இருமுறை இடைவேளை வேண்டுமென்று 1961-ஆம் ஆண்டின் பேறுகால நலச் சட்டமும் வகுத்தன. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015-இல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. ஆனால் சிறு தோட்டக்காரரிடம் நான்கைந்து பேராக வேலை செய்யும் பெண்ணுக்கு அறை ஏது, இடைவேளை ஏது? எங்கள் தெருவில் அப்படியொரு பெண், ஐந்து மாதக் குழந்தைக்காரி, "டீச்சரம்மா, அந்தப் பம்பைக் கொஞ்ச நாளைக்குத் தருவியளா?" என்று கேட்டு வந்தாள். என் மகள் குழந்தையோடு கணவன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். பம்பு அலமாரியில் சும்மாதான் இருந்தது. கொடுக்க முடியாது என்று காரணம் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கருமித்தனம் என்று அவள் நினைத்திருந்தாலும் வியப்பில்லை.

கையால் எடுக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தேன். மூன்றாம் நாள் கைவந்துவிட்டது. ரப்பர் மரத்தோடு பழகிய கைக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமென்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்த பால், 25 பாகை வெப்பத்துக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம் கெடாது. எங்கள் ஊரில் விடியற்காலையில் அந்தக் குளிர்ச்சி இருந்தாலும் எட்டு மணிக்கு மேல் இராது; அவள் திரும்பப் பத்து மணி ஆகும். அவள் வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. குளிர்ப்பெட்டியில் வைத்தால் நான்கு நாள்வரை இருக்கும். ஆகவே மூன்றரை மணிக்கு அவள் வேலைக்குப் போகும்வழியில் மூடியிட்ட கிண்ணத்தை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறாள். கதவுத் தட்டில் வைக்காமல், குளிர் மாறாத உட்புறத்தில், நேரம் எழுதிய சீட்டோடு வைக்கிறேன். ஏழு மணிக்கு அவள் மாமியார் பாலாடையைக் கழுவிக் கையில் எடுத்துக்கொண்டு வருவார். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் நிறுத்திவைத்து இளஞ்சூடாக்கிக் கொடுப்பேன். அப்படிச் சூடாக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும் என்று முதல் நாள் சொன்னேன். இப்போது அந்த அம்மாள் எனக்கு அதை நினைவூட்டுகிறார்.